கண்ணாடிக்குள் பிடித்த பாசி

கண்ணாடிக்கு உள்ளே பாசி பிடிக்கும் என்று நம்பியவன் நான். மேலே அல்ல, உள்ளே. வேறு யாராவது சிரித்துக்கொண்டே உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை என்று நினைக்கிறேன்.

அப்போது நான் ஒன்றும் தொழிலுக்குப் புதியவன் இல்லை. சன்னல் கண்ணாடி போடுவதில் போடி, தேவாரம், கம்பம் வரைக்கும் பெயர் எடுத்திருந்தேன். கண்ணாடிக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அடைக்கச் சீமைச்சுண்ணாம்பையும் எண்ணெயையும் பிசைந்து வைப்போமே, அதற்கு மக்கு என்று பெயர். எந்நேரமும் விரல் இடுக்கில் அது ஒட்டியிருந்ததால் என்னை ‘மக்கண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலை வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று நானும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். முழங்கால் ஏணியைப் பார்த்தாலே மடங்குகிறது, அதனால் தொழிலை விட்டுவிட்டேன். புதிதாக வந்திருக்கிற தம்பிகள் என்னிடம் கண்ணாடி அறுக்கிற வைரத்தை எப்படிப் பிடிப்பது, அளவு எப்படி எடுப்பது என்று கேட்க வேண்டாம். அதைக் கையே கற்றுக்கொள்ளும். கை சரியாக வேலை செய்து முடித்த பிறகும் தலை எப்படிக் குழம்பிப் போகும் என்பதைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன். அதில் எனக்கு அனுபவம் அதிகம்.

மொழிவாரியாக மாநிலம் பிரித்த புதிது. போடிமெட்டைத் தாண்டிச் சரிவில் ஒரு பழைய பங்களா. ஏதோ ஒரு வெள்ளைக்கார துரை கட்டியது. அதைச் சுற்றியிருந்த ஏலக்காய்த் தோட்டத்தோடு சேர்த்துப் போடியில் ஒரு வியாபாரக் குடும்பத்தார் வாங்கியிருந்தார்கள். ஓடு சரிந்து, சுவர் விரிந்து, உத்தரத்தில் கரையான் ஏறி நின்ற கட்டடத்தை அந்தக் குடும்பத்து முதலாளி இடிக்கவில்லை. துரை எப்படி வைத்திருந்தானோ அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று கொத்தனார், தச்சர், ஓடு வேய்கிறவர் எல்லாரையும் மேலே ஏற்றியிருந்தார். கடைசியாக என்னை ஏற்றினார்.

ஏறிய கதையே ஒரு கதை. வைக்கோல் வைத்துக் கட்டிய கண்ணாடிப் பெட்டியை ஜீப்பில் நிறுத்தினால், தோட்டத்துக்குப் போகிற பெண்கள் வந்து அதன்மேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

“ஆத்தா, அதுல உக்காராதீக. உள்ள கண்ணாடி இருக்கு.”

“இருக்கட்டுமே. நாங்க என்ன அதுல மொகமா பாக்கப் போறோம்?”

“ஒடஞ்சு போகும் ஆத்தா.”

“ஒடஞ்சா ஒங்களுக்குத்தான சோலி. மறுக்கா மாட்டலாம்ல.”

கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பெட்டியோடு சேர்த்து அவர்களையும் கட்டிப்பிடிக்க முடியாமல், பெட்டியின் மூலையை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஒன்றும் உடையவில்லை. உடைத்ததெல்லாம் பிறகு நானே.

அந்தப் பங்களாவில் மேற்குப் பார்த்த பெரிய அறை ஒன்று. சுவர் முழுக்கச் சன்னல். அங்கேதான் உலர்த்திய ஏலக்காயைக் கொட்டித் தரம் பார்ப்பார்கள். ஏலக்காய்க்குப் பச்சைதான் உயிர். நிறம் வெளுத்தால் மதிப்பும் வெளுக்கும். அதனால் அந்தத் தோட்டத்தில் ஒரு கட்டாயம் இருந்தது: உலர்ந்த காய் வெயிலைப் பார்க்கக் கூடாது. உலர்த்துகிற கூடம் இருட்டு, அடுப்பு வெளிச்சமும் அரிக்கேன் விளக்கும்தான். அங்கிருந்து மூடிய கூடையில் இந்த அறைக்கு வரும். இங்கிருந்து கறுப்புத் துணி போட்ட பெட்டிக்குப் போகும். அப்படியே பூட்டிவிடுவார்கள்.

அடுப்புக்காரர் சின்னக்காளை. சூட்டை ஏற்றி இறக்கிக் காயை உலர்த்துவது அவர் பொறுப்பு. அந்த மலைச் சரிவு முழுக்க அவருக்குப் ‘பச்சைக்கை’ என்று பட்டப்பெயர். முதலாளி போடிக் கடைத்தெருவில் நின்று, “எங்க காளை போடுற காய் செடியில கெடக்குற மாதிரியே இருக்கும்” என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். மூடிய பெட்டியை எடுத்துப் போய்த் தங்கள் கடையில் திறந்து பார்த்த வியாபாரிகள் வந்து, “காய் கொஞ்சம் வெளுப்பா இருக்கே” என்று இழுப்பார்கள். முதலாளிக்கு முகம் சிவந்துவிடும். “வெலைய அடிக்கிறதுக்கு எப்படியெல்லாம் பொய் சொல்றானுக பாரு” என்பார்.

நான் போனபோது அறுவடைக் காலம் முடிந்து வெயில் காலம். போன பருவத்தின் நல்ல காயை, விலை ஏறட்டும் என்று பெட்டிகளில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி சின்னக்காளையிடம். தோட்டத்துக் குடியிருப்பில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்துகொண்டு அவர்தான் காவல்.

முதல் நாள் சன்னலைப் பார்த்தேன். கண்ணாடி எல்லாம் பச்சை. மூடுபனி இறங்குகிற ஊரில் கல்லும் மரமும் ஓடும் பச்சையாகத்தான் இருக்கும், இதுவும் பாசி என்று நினைத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். கண்ணாடி பளபளவென்று ஆனது, ஆனால் பச்சையாகவே பளபளத்தது. அறையில் நின்று வெகுநேரம் யோசித்து, பாசி உள்ளே இறங்கிவிட்டது என்ற முடிவுக்கு வந்தேன். நிறம் போட்டே வார்த்த கண்ணாடி என்று ஒன்று உலகத்தில் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சர்ச்சு, பணக்கார வீடு என்று அங்கங்கே பார்த்ததுதான். ஆனால் அது சிவப்பும் நீலமுமாகக் கண்ணில் அடிக்கும். இப்படி இளசாக, பாசி மாதிரியே இருக்கும் என்று யார் கண்டார்கள்?

தோட்டத்துக் கணக்குப்பிள்ளை குட்டப்பன் மலையாளி. தமிழ் பேசுவார். அவர் பேசுவது தமிழ் என்று அவரும் நானும் நம்பினோம்.

“கணக்குப்பிள்ளை, கண்ணாடியெல்லாம் உள்ளயே பாசி புடிச்சுப் போச்சு. இனி ஆகாது. அம்புட்டும் புதுசுதான் போடணும்.”

அவர் சன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார்.

“சரி, புதியது இட்டோ. ஆனா பழய சில்லு எல்லாம் மாற்றி வைக்கணும், கேட்டோ.”

“அதுக்கென்ன, வெரசா செஞ்சுர்றேன்.”

அவர் ஏதோ வேலையாக மூணாறு பக்கம் கிளம்பிப் போய்விட்டார். நான் யோசித்தேன். எங்கள் ஊரில் சில்லு என்றால் உடைந்த துண்டு. சுவர் ஏறி யாரும் குதிக்காமல் இருக்க மதில் மேல் பதிக்கிறோமே, அது. வெளியே போய்ப் பார்த்தேன். பங்களாவின் சுற்று மதிலில் துரை காலத்தில் பதித்த பாட்டில் சில்லு எல்லாம் மழையில் மொட்டையாகிக் கிடந்தது. ஆக, பழைய சில்லை எடுத்துவிட்டு மாற்றி வைக்கச் சொல்கிறார். மனிதர் எவ்வளவு கருத்தாகப் பார்த்திருக்கிறார். புதுச் சில்லுக்கு எங்கே போவது? கழற்றிய கண்ணாடிதான் கை நிறைய இருக்கிறதே.

பாசி பிடித்த கண்ணாடி முழுவதையும் சாக்கில் போட்டுச் சுத்தியலால் அடித்தேன். கொத்தனாரிடம் கலவை வாங்கி மதில் நீளத்துக்கும் பதித்தேன். கூலிக்குச் சேராத வேலை என்றாலும் மனது நிறைந்திருந்தது. அந்த நிறைவைப் பற்றி உங்களை எச்சரிக்கிறேன். என் தொழில் வாழ்க்கையில் எப்போதெல்லாம் மனது நிறைந்ததோ, அப்போதெல்லாம் எதையோ உடைத்திருக்கிறேன்.

சன்னல் வேலை அருமையாக முடிந்தது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்வார்: கண்ணாடி இருக்கிறதே தெரியக் கூடாது, அதுதான் நல்ல வேலை. அப்படித்தான் இருந்தது. மலையும் மேகமும் அறைக்குள்ளேயே நிற்பது மாதிரி இருந்தது.

கட்டடத்தைப் பார்க்க முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். கூரையைப் பார்த்தார், தளத்தைத் தட்டினார், உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். எல்லாம் திருப்தி. தரம் பார்க்கிற அறையில் தன் பழைய நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார்.

“காளை, ஒரு பொட்டி கொண்டா. புது எடத்துல மொதல்ல காயைப் பாப்போம்.”

சின்னக்காளை பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். முதலாளி ஒரு கை அள்ளினார். முகத்துக்கு நேராகக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். காயைக் கீழே விட்டுவிட்டு இன்னும் ஆழமாகக் கையை விட்டு அள்ளினார்.

“இது எந்தப் பொட்டி?”

“நீங்க பாத்துக் கட்டச் சொன்னது முதலாளி. போன பருவத்துக் காய்.”

“நான் பாத்தது இதில்ல. இன்னொண்ணு தெற.”

இன்னொன்றைத் திறந்தார்கள். அதுவும் அப்படியே. எட்டிப் பார்த்த எனக்கே தெரிந்தது, கஞ்சியில் போட்டு எடுத்த மாதிரி ஒரு வெளுப்பு. பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசிப் பெட்டியை மூடிவிட்டு முதலாளி மெதுவாகக் கேட்டார்:

“எப்ப மாத்துன?”

“என்னத்த முதலாளி?”

“எங்காயை எங்க குடுத்த? இந்த வெளுத்த காயை எவன்ட்ட வாங்கி ரொப்புன?”

“என் பிள்ளைக மேல சத்தியமா நான் பொட்டியத் தொடல. நீங்க கட்டுன கட்டு, நீங்க பூட்டுன பூட்டு.”

“சாவி?”

சின்னக்காளை இடுப்பில் தொங்கிய சாவியை அவிழ்த்து நாற்காலிக் கையில் வைத்தார்.

“போலீசுக்குப் போக மாட்டேன். ஒன் பிள்ளைக மொகத்துக்காக. சாயங்காலம் ஜீப்பு எறங்கையில வீட்டக் காலி பண்ணிட்டு நீயும் எறங்கிரு. ஒனக்கு இந்த மலையில இனி யாரும் அடுப்புக் குடுக்காம நான் பாத்துக்கிர்றேன்.”

அதைச் சத்தம் போடாமல் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் சமாதானம் பேசலாம்.

நான் மக்கு ஒட்டிய கையோடு மூலையில் நின்றேன். ஏதோ ஒன்று சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. காய் திருடுகிற ஆளாக அவர் தெரியவில்லை, ஆனால் காய் வெளுத்திருப்பது கண்ணால் பார்த்தது. என் கண்ணாடியில் ஏதாவது கோளாறோ என்று ஒரு நினைப்பு வந்தது. போய் ஒவ்வொரு சன்னலையும் சோதித்தேன். ஒரு சுழி இல்லை, ஒரு கீறல் இல்லை. கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று துண்டை உதறினேன். தம்பிகளா, நம் வேலையில் குறை தேடுகிறபோது குறையை மட்டும்தான் தேடுகிறோம். நன்றாக இருப்பதே கோளாறாக இருக்கும் என்று எவனுக்குத் தோன்றும்?

அந்த நேரம் பார்த்துக் குட்டப்பன் மூணாறிலிருந்து திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கையை வைத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“முதலாளி நல்ல கோபத்திலாணு. பழய சில்லு எவிடே வச்சு? அதையாவது காட்டலாம்.”

“மதில் மேல வச்சாச்சு.”

“மதிலிலோ? மழ பெய்தால்?”

“மழை பெஞ்சா என்ன? நல்லாப் பதிச்சுத்தான் வச்சிருக்கேன்.”

அவர் வெளியே வந்து மதிலைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார்.

“எடோ, ஞான் பறஞ்ஞது எந்தாணு? சில்லு மாற்றி வைக்கணும்.”

“அதைத்தான செஞ்சேன். பழைய சில்லை எடுத்துட்டு மாத்தி வச்சேன்.”

“சில்லு எந்நு வச்சால் சன்னல்கண்ணாடி. முழுக் கண்ணாடி. மாற்றி வைக்கணும் எந்நு வச்சால் ஒரு ஓரமா, பத்திரமா எடுத்து வைக்கணும். துரையுடே கண்ணாடி. இனி கிட்டுமோ?”

அவர் சொல்லி முடித்ததும் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஒரே வாக்கியம். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன், ஒரு வார்த்தை விடாமல் செய்தேன், தலைகீழாகச் செய்திருந்தேன். இனி முதலாளி என்னையும் அதே ஜீப்பில் இறக்கிவிடுவார் என்று நினைத்து மதில் ஓரமாக நடந்தேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம், நிழலில், சின்னக்காளை தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாய்ச் சுருட்டும் சட்டி பானையும். அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவரப் போயிருந்தாள் போல. மேற்கு வெயில் மதில் உச்சியைத் தாண்டி அவர் தோளில் இருந்த வெள்ளைத் துண்டில் விழுந்தது. அந்தத் துண்டில் அங்கங்கே பச்சையாகத் திட்டு.

“அண்ணே, துண்டுல பாசி அப்பியிருக்கு” என்றேன். இந்த இடத்திலும் என் புத்தி அவ்வளவுதான்.

அவர் துண்டை எடுத்து உதறினார். மடியில் போட்டார். மடியில் பச்சைத் திட்டைக் காணோம். தோளில் போட்டார். திட்டு வந்துவிட்டது.

நான் மதிலைப் பார்த்தேன். வெயிலில் சில்லு ஒவ்வொன்றும் இளம்பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். அறைக்குள் ஓடி, திறந்திருந்த பெட்டியிலிருந்து இரண்டு கை காயை அள்ளி வேட்டி மடியில் போட்டுக்கொண்டு வெயிலுக்கு வந்துவிட்டேன். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

“ஏலே, காயை வெயில்ல கொண்டு போறான். புடிங்கடா அவனை.”

முதலாளியும் பின்னால் வந்தார். நான் காயை மதில் மேல் சில்லுக்கு அந்தப் பக்கம் பரப்பினேன்.

“முதலாளி, இதுக்குள்ள பாருங்க.”

“எதுக்குள்ள?”

“இந்தச் சில்லுக்குள்ள. குனிஞ்சு பாருங்க. மூக்குப் பத்திரம்.”

என்ன கோபத்தில் இருந்தாலும் ‘இதற்குள் பார்’ என்றால் மனிதன் பார்த்துவிடுவான். அந்த ஒரு பலவீனத்தை நம்பித்தான் நான் பிழைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, சில்லு இல்லாமல் பார்த்தார். மறுபடி குனிந்தார். சில்லுக்குள் இருந்தது அவருடைய காய், செடியில் கிடக்கிற மாதிரி பச்சையாக. வெளியே இருந்தது கஞ்சியில் போட்டு எடுத்த காய். இரண்டும் ஒரே காய்.

“காய் மாறல முதலாளி. கண்ணாடிதான் மாறிருச்சு. பழசு பச்சைக் கண்ணாடி. நான் பாசின்னு நெனச்சு மாத்திட்டேன்.”

அவர் வெள்ளை வேட்டியில் சுண்ணாம்பு ஒட்டுவதைக்கூடப் பார்க்காமல் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

“அப்ப போடியில அவனுக சொன்னதெல்லாம்…”

நான் வாயை மூடிக்கொண்டேன். அதை அவரே முடிக்கட்டும் என்று. அவர் முடிக்கவில்லை. சின்னக்காளை பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“பொட்டியத் தூக்கிட்டு உள்ள போ. பிள்ளைகளை நிக்க வைக்காத.”

சாவியை அவரே கொண்டுவந்து தகரப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார்.

நான் கிளம்பும்போது என்னை அறைக்குக் கூப்பிட்டார். என் புதுக் கண்ணாடி வழியாக மலையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

“ஏப்பா, அதே பச்சையில மதுரையில கண்ணாடி கெடைக்குமா?”

கிடைக்குமா, கிடைக்காதா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. விசாரித்துச் சொல்கிறேன் என்பதுதான் தொழில்காரன் பதில். ஆனால் என் வாய், “கெடைக்காது முதலாளி” என்றது. நேர்மையால் சொன்னேனா, அத்தனை சன்னலையும் மறுபடி கழற்ற வேண்டுமே என்ற சோம்பலால் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவர் தலையை ஆட்டினார். வருத்தமா, நிம்மதியா, அதுவும் பிடிபடவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய பாடம் ஏதாவது இதில் இருக்க வேண்டும். பழைய கட்டடத்தில் ஒன்றை மாற்றுகிறபோது அது வழியாக யார் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று முதலில் கேளுங்கள் என்று சொல்லலாம். ஆனால் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலும் முதலாளி ‘காயைப் பார்க்கிறோம்’ என்றுதான் சொல்லியிருப்பார், நானும் ‘பாசி இல்லாமல் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கழற்றியிருப்பேன். எனவே அந்தப் பாடத்தை ரொம்பவும் நம்ப வேண்டாம்.

ஒரு மனிதனின் பிழைப்பைக் காப்பாற்றினோம் என்ற நினைப்பு மட்டும் எனக்கு மிச்சமிருந்தது. அதை வைத்துக்கொண்டு சில மாதம் போடியில் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன். ஒருநாள் பஸ் நிற்கிற இடத்தில் சின்னக்காளையைப் பார்த்தேன். காய் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார். அவரே என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். எப்படி இருக்கிறீர்கள், முதலாளி எப்படி வைத்திருக்கிறார் என்று விசாரித்தேன். நன்றி சொல்வார் என்று காத்திருந்ததை மறைக்க வேண்டியதில்லை.

அவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்:

“நல்லாத்தான் வச்சிருக்காரு. ஆனா மக்கண்ணே, அன்னைக்கு நீங்க சும்மா இருந்திருந்தா, பச்சைக்கைக்காரன் களவாண்டுட்டான்னு ஒரு பேச்சு வந்து போயிருக்கும், பச்சைக்கைங்கிற பேரு மட்டும் நின்னுருக்கும். இப்ப நான் களவாணி இல்ல, என்னைக்குமே நல்ல காய் போட்டவனும் இல்ல.”